மூடி பொருந்தாத முறுக்குத் தட்டு

கல்யாணம் நின்றுபோனது. காரணம் முறுக்கு.

முறுக்கால் கல்யாணம் நிற்குமா என்று கேட்காதீர்கள். நின்றது. வாயை மூடிக்கொண்டு கேட்டால் எப்படி என்று தெரியும்.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் நடந்தது. ஐப்பசி இருட்டில் எழுந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, விளக்கேற்றி, புதுத்துணி கட்டி, பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைகிறோமே, அந்தத் தீபாவளி அப்போது அந்தப் பக்கத்தில் கிடையாது. அசுரனைக் கொன்ற கதை இருக்கிறது. அது பெரிய கதை. அதைச் சொல்லப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். இது பலகாரத் தட்டின் கதை. சின்னது.

ஆலங்கரை என்று ஆற்றோரம் ஓர் ஊர். அந்த ஊரில் மூன்று கட்டுப்பாடு.

ஒன்று, பண்டம் வைத்து வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாது.

இரண்டு, தின்னும் பண்டம் மூடாமல் தெருவைத் தாண்டக் கூடாது. கண் பட்டுவிடும். மூடுவதும் பாத்திரத்தால்தான் மூட வேண்டும். இலை போட்டு மூடினால், துணி போட்டு மூடினால், அது துக்க வீட்டுக்குப் போகிற சோறு.

மூன்று, அடுத்தவர் பாத்திரம் வீட்டில் கிடக்கும்போது முகூர்த்தக்கால் நடக் கூடாது.

யார் போட்ட கட்டுப்பாடு என்று யாருக்கும் தெரியாது. கேட்டவனை முறைத்தார்கள். அதனால் யாரும் கேட்கவில்லை.

அந்த ஊரில் மாசிலாமணி என்று ஒரு வெல்ல வணிகர். நல்ல மனுஷன். வாயைத் திறந்தால் வெல்லத்தைப் பற்றிப் பேசுவார், இல்லாவிட்டால் பேச மாட்டார். அவருக்கு ஒரே பெண். எதிர் வீடு கூத்தபிரான், எண்ணெய் வணிகர். அவருக்கு ஒரே பையன். வெல்லமும் எண்ணெயும் எதிரெதிரே இருந்தால் என்ன ஆகும்? சம்பந்தம் பேசினார்கள். ஆனியில் நிச்சயம் முடிந்தது. ஆவணியில் முகூர்த்தம் என்று வைத்தார்கள்.

நிச்சயமான மறுநாள் மாசிலாமணியின் மனைவி உமையாள் ஒரு தட்டில் அதிரசம் அடுக்கி, மூடி போட்டு, எதிர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

இங்கேதான் விஷயம்.

கூத்தபிரானின் மனைவி சொர்ணம் அதே தட்டில் அளவாக முறுக்கை வைத்து, அதே மூடியைப் போட்டு அனுப்பியிருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். நீங்களும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் சொர்ணம் யோசித்தாள். பெண் வீட்டிலிருந்து தட்டு நிறைய வந்திருக்கிறது. பிள்ளை வீட்டுக்காரி அதே அளவு அனுப்பினால் தெரு என்ன சொல்லும்? முறுக்கைக் கோபுரமாக அடுக்கினாள். மூடி பொருந்தவில்லை. மூடியைத் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, தன் வீட்டு உருளியை மேலே கவிழ்த்து அனுப்பினாள்.

தெரு பார்த்தது. "சம்பந்தின்னா இப்படி இருக்கணும்" என்றது.

தட்டு வீடு வந்து சேர்ந்தது. கூடவே உருளியும் வந்து சேர்ந்தது. உருளி எதிர் வீட்டுடையது.

மாசிலாமணி முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னார். "உருளியை அனுப்பிடு."

"வந்தது வெறுமையாப் போகுமா?" என்றாள் உமையாள்.

உருளி நிறைய எள்ளுருண்டை பிடித்தாள். நிறைய என்றால் நிறைய இல்லை. மலை. மூட என்ன இருக்கிறது? வீட்டு அண்டாவைக் கவிழ்த்தாள். இரண்டு ஆள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அண்டா எதிர் வீட்டில் தங்கிவிட்டது. சொர்ணம் அண்டா வழிய சீடை பொரித்தாள். எண்ணெய் வைக்கும் மரத்தொட்டியைக் கவிழ்த்து மூடி அனுப்பினாள். நாலு ஆள்.

"தொட்டியை அனுப்பிடு" என்றார் மாசிலாமணி. சீடையில் ஒரு பல் போயிருந்தது. வார்த்தை காற்றோடு வந்தது.

"வந்தது வெறுமையாப் போகுமா?" என்றாள் உமையாள்.

தொட்டி நிறைய பொரியுருண்டை. மூட வீட்டில் பாத்திரம் இல்லை. பரணில் கிடந்த மரத்தொட்டிலை எடுத்துக் கவிழ்த்தாள். அவர்கள் பெண் படுத்து வளர்ந்த தொட்டில். சொர்ணம் இதற்கு என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று நினைத்துத்தான் செய்தாள்.

சொர்ணம் திணறித்தான் போனாள். தொட்டிலை வெறுமையாக அனுப்பினால் அதைவிட அபசகுனம் கிடையாது. பிள்ளையைப் போட்டு அனுப்பவும் வழியில்லை, கல்யாணமே ஆகவில்லை. மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பொரிமாவையும் பாகையும் கிண்டி, ஒரு பிள்ளை அளவுக்குப் பொரிவிளங்காய் உருண்டை பிடித்தாள். கை வைத்தாள், கால் வைத்தாள், கண்ணுக்கு மை வைத்தாள். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் வைத்தாள். தொட்டிலில் படுக்க வைத்து, வீட்டிலேயே பெரிய செப்புக் கொப்பரையைக் கவிழ்த்து, வண்டியில் ஏற்றி அனுப்பினாள். எதிர் வீட்டுக்கு வண்டி.

மாசிலாமணிதான் அதைத் தின்ன வேண்டியிருந்தது. சம்பந்தி வீட்டுப் பண்டம் வீணாகக் கூடாது என்பது உமையாள் போட்ட தனிக் கட்டுப்பாடு. அவர் காலிலிருந்து ஆரம்பித்தார். வயிறு வரைக்கும் வந்துவிட்டார். அதற்கு மேல் அது பார்த்துக்கொண்டே இருந்தது. அவரால் முடியவில்லை.

இதற்குள் ஆவணி போய்விட்டது. அடுத்தவர் பாத்திரம் வீட்டில் கிடந்ததால் முகூர்த்தக்கால் நட முடியவில்லை, முகூர்த்தமும் போய்விட்டது. புரட்டாசியில் அங்கே யாரும் கல்யாணம் செய்ய மாட்டார்கள். ஐப்பசி பிறந்தது.

ஒருநாள் கூத்தபிரான் ஆற்றுப்படியில் மாசிலாமணியைத் தனியாகப் பிடித்தார்.

"சம்பந்தி, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. ஐப்பசி தாண்டினா இந்தச் சம்பந்தம் ராசியில்லைன்னு என் தங்கச்சி கிளம்பி வர்றா. அவளுக்கு ஒரு பொண்ணு இருக்கு. முறைப்பொண்ணு. என்னால அவகிட்ட பேசி ஜெயிக்க முடியாது. எங்க வீட்ல நான் யாருகிட்டயும் பேசி ஜெயிச்சதில்லை."

மாசிலாமணி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நிச்சயம் முறிந்த பெண்ணை அடுத்து யார் கேட்டு வருவார்கள்? அதோடு, கல்யாணப் பந்திக்கென்று வைத்த வெல்லம் பாதிக்குமேல் கரைந்திருந்தது. கரைந்ததெல்லாம் எதிர் வீட்டார் வயிற்றில். அவர்கள் எண்ணெயெல்லாம் இவர் வயிற்றில். கட்டிய வேட்டி சுற்றி வர மறுத்தது.

"கொப்பரையை எப்படியாவது அனுப்பிட்டா சரியாப் போச்சு" என்றார்.

"அனுப்புங்க. ஆனா மூடி எதுவும் போடாம அனுப்புங்க. மூடினா மறுபடி எங்க வீட்டுக்காரி அதை நிரப்புவா."

"மூடாம எப்படி?"

"அதான் எனக்கும் தெரியலை" என்று சொல்லிவிட்டுக் கூத்தபிரான் முங்கிக் குளித்தார்.

மாசிலாமணி முதலில் ஒரு வேலை செய்தார். உமையாள் மத்தியானம் அசந்த நேரம் பார்த்து, கொப்பரையில் கொஞ்சம் அவலைப் போட்டு, வாழை இலையால் மூடி, வண்டியில் ஏற்றிவிட்டார்.

வண்டி தெருவில் நாலு வீடு சுற்றித் திரும்ப வேண்டும். இலை மூடிய கொப்பரை எண்ணெய்க்காரர் வீட்டுக்குப் போகிறது என்று முதல் வீடு பார்த்தது. "ஐயோ, கூத்தபிரான் போயிட்டாரா" என்றது. இரண்டாம் வீடு தலையை விரித்தது. மூன்றாம் வீடு ஒப்பாரியைத் தொடங்கியது. வண்டி போய்ச் சேருவதற்குள் வாசலில் பெரிய கூட்டம். கூத்தபிரான் முற்றத்தில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அழுவதைப் பார்த்து, யாருக்கோ என்னவோ என்று அவரும் கொஞ்சம் அழுதார்.

வண்டியை அப்படியே திருப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி உமையாள் மாசிலாமணிக்குச் சோறு போடவில்லை. அவருக்கு அது பண்டிகை மாதிரி இருந்தது.

இரண்டாவதாக ஒரு வேலை செய்தார். கொப்பரையை ஆற்றில் உருட்டிவிட்டார். பாத்திரமே இல்லை என்றால் திருப்ப வேண்டிய வேலையே இல்லை பாருங்கள்.

மூன்றாம் நாள் கீழாற்றுப் பரிசல்காரர்கள் வந்தார்கள். "உங்க ஊர்க் கொப்பரை மிதந்து வந்துச்சுங்க. வெறுமையாத் தரலாமா? நாங்களும் கட்டுப்பாடு தெரிஞ்சவங்கதான்" என்றார்கள். கொப்பரை நிறைய கருவாடு. மேலே மூடியாக ஒரு பரிசல் கவிழ்ந்திருந்தது. இறக்கி வைத்துவிட்டு, "பரிசலை மெதுவாக் கொடுத்தனுப்புங்க, ஒண்ணும் அவசரமில்லை" என்று சொல்லிப் போனார்கள்.

மாசிலாமணி வீட்டில் கருவாடு புழங்குவதில்லை. கொல்லையில் வைத்தார்கள். ஊர்ப் பூனை எல்லாம் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் மாதிரி வந்து வரிசையாக உட்கார்ந்தன. இரண்டு நாளில் கொப்பரையை நக்கித் துடைத்துவிட்டு, இன்னும் வரும் என்று காத்திருந்தன.

"இப்ப ரெண்டு பாத்திரம்" என்றாள் உமையாள். "ஒண்ணுல ஆளே ஏறிப் போகலாம். அதை எதை வச்சு நிரப்பறது? சொல்லுங்க. உங்களைத்தான்."

மாசிலாமணி மூன்றாவதாக ஒரு வேலை செய்தார். கூத்தபிரானையும் கூட்டிக்கொண்டு ராஜாவிடம் போனார்.

ராஜா இளவயசு. தீர்ப்புச் சொல்வதில் ஆசை. இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னதைக் கேட்டார். தொட்டில் வந்த இடத்தில் சிரித்துவிட்டார். பரிசல் வந்த இடத்தில் சிம்மாசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது ஒரு வழக்கா? கொப்பரையை வெறுமையாத் திருப்பி அனுப்பு. தீர்ந்தது" என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் வந்தது. ராணி.

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொரு இருமல் வந்தது.

"அதாவது," என்றார் ராஜா, "வெறுமையாக அனுப்பக் கூடாது. கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். அனுப்பணும். ஆனா அனுப்பக் கூடாது. நீங்க ரெண்டு பேரும் புத்திசாலிங்க. யோசிச்சா வழி தெரியும்."

"யோசிச்சுப் பார்த்துட்டுத்தான் வந்தோம், மகாராசா" என்றார் கூத்தபிரான்.

"இன்னும் யோசியுங்க. பாவம், வெயில்ல வந்திருக்காங்க. அவங்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்புங்கப்பா."

கொடுத்தனுப்பினார்கள். ஆளுக்கொரு வெள்ளிக் குடம் நிறைய. ஆளுக்கொரு வெள்ளி மூடி போட்டு.

இரண்டு பேரும் பாதி வழி நடந்தார்கள். பிறகு மாசிலாமணி குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"ராஜாவோட குடம், சம்பந்தி. இதை எதை வச்சுத் திருப்பறது?"

"யானையைப் பிடிச்சு உள்ளே விடுங்க" என்றார் கூத்தபிரான்.

மாசிலாமணி சாயங்காலம் வீடு வந்தார். உமையாள் வெள்ளிக் குடத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள், உள்ளே போய் உரலில் அரிசியைக் கொட்டி இடிக்க ஆரம்பித்தாள். இடிக்கிற சத்தத்தில் கோபம் இருந்தது. எதிர் வீட்டிலும் இடிக்கிற சத்தம் கேட்டது.

அவர் கொல்லையில் கொப்பரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் கொப்பரை, அந்தப் பக்கம் பரிசல். நடுவில் பூனைகள்.

பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை நாளாக அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணம் அவளுக்கு என்பது இரண்டு வீட்டுக்கும் மறந்துபோயிருந்தது.

"அப்பா, பண்டத்தை எதுக்கு மூடறோம்?"

"கண் பட்டுடும்."

"யாரு கண்?"

"ஊர்க் கண். போய்ப் படு."

"ஊர் தூங்கும்போது?"

"தூங்கும்போது கண்ணை மூடிட்டிருக்கும். போய்ப் படுன்னு சொன்னேன்ல."

"அப்ப மூட வேண்டாமே" என்றாள்.

மாசிலாமணி நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்.

"இருட்டு வேணுமே" என்றார்.

"நாளைக்கு விடிகாலை கும்மிருட்டுப்பா. அமாவாசை ஒட்டி வருது. கோழி கூவறதுக்கு முன்னால கொண்டுபோய் அத்தை வீட்டு முற்றத்துல வச்சுட்டு வந்துடலாம்."

"கொப்பரை நிறையப் பண்டத்துக்கு எங்கே போறது? உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா..."

"நிறைய எதுக்கு? வெறுமையாப் போகக் கூடாதுன்னுதானே கட்டுப்பாடு. நிறைஞ்சு போகணும்னு யாரு சொன்னா?"

மாசிலாமணி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். நாலு மாதம். எத்தனை மூட்டை வெல்லம். ஒரு பல். யாரும் சொல்லவில்லைதான்.

விடிகாலையில் எழுந்தார்கள். பெண் ஓர் அதிரசத்தைக் கொப்பரைக்குள் போட்டாள். அப்பனும் மகளும் கொப்பரையைப் பக்கவாட்டில் சாய்த்து உருட்டினார்கள். உள்ளே அதிரசம் தனியாக உருண்டது. தெருவில் ஒரு கண் இல்லை. ஒரு நாய் மட்டும் விழித்தது; அதற்கும் தூக்கக் கலக்கம். பாதித் தெரு தாண்டியாயிற்று. எதிர் வீட்டு வாசல் வந்தாயிற்று. மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்தது.

வேட்டிதான் கெடுத்தது. சுற்றி வராத வேட்டி. அவிழ்ந்தது. அதைப் பிடிக்க அவர் ஒரு கையை எடுத்தார். கூத்தபிரான் வீட்டு முற்றம் பள்ளம். கொப்பரை தானாகவே போனது.

முற்றத்தில் எண்ணெய்க் குடங்கள் வரிசையாக நின்றன.

டமார். கொஞ்சம் நின்றது. டமார். இன்னும் கொஞ்சம் நின்றது. அப்புறம் நிற்கவே இல்லை. டமார் டமார் டமார்.

தெருவே எழுந்துவிட்டது. முதலில் திருடன் என்றார்கள். பிறகு பூகம்பம் என்றார்கள். பிறகு கூத்தபிரான் இந்தத் தடவை நிஜமாகவே போய்விட்டார் என்றார்கள். வீட்டுக்கு வீடு விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். எண்ணெய் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. வந்தவன் வழுக்கி விழுந்தான். தூக்க வந்தவன் அவன்மேல் விழுந்தான். தூரத்தில் நின்று சிரித்தவனை இரண்டு பேரும் காலைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். ஊர் முழுக்க உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய். பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் பிடித்துவிட்டது. மிச்சமிருந்த ஒரு குடத்தையும் உடைக்கச் சொல்லிக் கத்தின.

சொர்ணம் கையில் விளக்கோடு கொப்பரையைக் குனிந்து பார்த்தாள். உமையாளும் வந்துவிட்டாள். அவளும் குனிந்து பார்த்தாள். செப்புக் கொப்பரையின் அடியில் ஒட்டிக்கொண்டு, ஒற்றை அதிரசம்.

இப்போது தெருவின் எல்லாக் கண்ணும் திறந்திருந்தது.

"மானம் போச்சு" என்றாள் உமையாள். உட்கார்ந்துவிட்டாள்.

மாசிலாமணி வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பேச நினைத்தார். வெல்லத்தைப் பற்றித்தான் பேச வந்தது.

சொர்ணம் நிமிர்ந்தாள். பெண்ணைப் பார்த்தாள்.

"இவ்வளவு பெரிய கொப்பரைக்கு ஒத்தை அதிரசமா? இதான் உங்க வீட்டு மரியாதையா?"

தெரு கழுத்தை நீட்டியது. இனி வரும் ஒரு வார்த்தையில் கல்யாணம் இந்தப் பக்கம் போகலாம், அந்தப் பக்கமும் போகலாம்.

"அத்தை, உங்க கையைக் காட்டுங்க" என்றாள் பெண்.

"எதுக்கு?"

"காட்டுங்க."

சொர்ணம் காட்டவில்லை. பெண்ணே போய் அவள் வலது கையைப் பிடித்து விளக்குக்கு நேரே விரித்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். உடைந்து, ஆறி, மறுபடி உடைந்த கொப்புளம். உலக்கை பிடித்த கை. பிறகு தன் தாயின் கையை இழுத்துப் பக்கத்தில் விரித்தாள். அதே கொப்புளம், அதே இடத்தில்.

"அம்மா ராத்திரியில கையில வெண்ணெய் தடவிட்டு அழுவா. நீங்களும் அழுதீங்களா அத்தை?"

சொர்ணம் உமையாளின் கையைப் பார்த்தாள். உமையாள் சொர்ணத்தின் கையைப் பார்த்தாள். மாசிலாமணிக்கு இது தெரியாது. அவர் பல்லையும் வயிற்றையும்தான் எண்ணிக்கொண்டிருந்தார்.

"தேங்காய் எண்ணெய் தடவுவேன்" என்றாள் சொர்ணம், குரல் இறங்கி. "வெண்ணெய் கேக்குதா, சம்பந்தியம்மா?"

"எங்கே கேக்குது. மறுநாள் இடிச்சா மறுபடி வந்துடுது."

"நீங்க நிறுத்துவீங்கன்னு பார்த்தேன்."

"நான் நீங்க நிறுத்துவீங்கன்னு பார்த்தேன்."

சொர்ணம் கொப்பரைக்குள் பாதி இறங்கி அந்த அதிரசத்தை எடுத்தாள். இரண்டாகப் பிட்டாள். ஒரு பாதியை உமையாள் கையில் வைத்தாள். தட்டில் இல்லை, கையில். கையில் வாங்கியதற்குத் திருப்பித் தரச் சொல்லி அந்த ஊரில் கட்டுப்பாடு கிடையாது. இரண்டு பேரும் எண்ணெய் வழிய நின்று தின்றார்கள்.

"நல்லாருக்கு" என்றாள் சொர்ணம். "நாலு மாசமா உங்க வீட்டுப் பண்டத்தை விழுங்கறேன். இன்னிக்குத்தான் ருசி தெரியுது."

அப்புறம் என்ன? எல்லாரும் சீயக்காய் போட்டுக் குளித்தார்கள். கட்டியிருந்த துணி எதுவும் தேறவில்லை. இரண்டு வீட்டாரும் கல்யாணத்துக்கு வாங்கி வைத்த புதுத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டார்கள். அதைப் பார்த்து ஊரும் பெட்டியைத் திறந்தது.

கூத்தபிரான் உடைந்த குடங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "போகட்டும். பொண்ணு கொண்டு வர்ற சீர்ல கழிச்சுக்கறேன்" என்றார்.

"கழிக்காதீங்க சம்பந்தி" என்றார் மாசிலாமணி. "எதையும் கழிக்காதீங்க, கூட்டாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்."

மறுநாள் இருட்டில் பரிசல் போனது, ஒரு பிடி அவலோடு. அதற்கு மறுநாள் இருட்டில் வெள்ளிக் குடங்கள் அரண்மனை வாசலுக்குப் போயின, குடத்துக்கொரு எள்ளுருண்டையோடு. ராஜா கூப்பிட்டு விசாரித்தார். கேட்டு முடித்ததும் திரையைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் மாமனார் ஊருக்கும் நடுவில் ஆறு வருஷமாக ஒரு தேர் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் குதிரைகள் கூடின.

"நம்மளதையும் இருட்டுல அனுப்பிடலாம்" என்று திரைக்குப் பின்னாலிருந்து ராணி சொன்னாள். இருமவில்லை.

அதன்பிறகு ராஜா பறையடித்துச் சொன்னார். வருஷத்தில் ஒரு நாள், ஐப்பசி இருட்டில் எல்லாரும் எழுந்திருங்கள். எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள். விளக்கேற்றி வாசலுக்கு வாருங்கள். சத்தம் போடுங்கள். இருக்கிற பலகாரத்தில் கொஞ்சம் எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். என்ன வந்தது என்று அளக்காதீர்கள். அளந்தவன் வீட்டுக்கு அரண்மனைக் கொப்பரை வரும்.

கல்யாணம் அந்த ஐப்பசியிலேயே, வளர்பிறையில் நடந்தது. முகூர்த்தக்கால் நடும்போது வீட்டில் அடுத்தவர் பாத்திரம் ஒரு கரண்டி கூட இல்லை. பந்தியில் வெல்லம் கொஞ்சம் குறைவு. யாரும் கவனிக்கவில்லை. இனிப்பைக் கண்டாலே ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்ட காலம் அது.

இவ்வளவுதான். வாங்கியதைவிடக் கூடத் திருப்பித் தருவதே மரியாதை என்று நினைத்தால் உறவும் சுமையாகிவிடும். இருப்பதில் கொஞ்சம் மனசோடு கொடுத்தால் போதும்.

இதையெல்லாம் சரி செய்தது ராஜா என்று ஊரில் சிலர் சொல்வார்கள். ராஜா பறையடித்தார், அவ்வளவுதான். சரி செய்தது மாசிலாமணியின் பெண். அவள் பெயர் தையல்நாயகி.